70 நாட்களில் செல்லாமல் போன சாசனம்: மாக்னா கார்ட்டாவின் தோற்றமும் தொடர்ச்சியும்

2025ஆம் ஆண்டு மே மாதம் ஒரு செய்தி பல நாட்டு நாளிதழ்களில் இடம்பெற்றது. அமெரிக்காவின் ஹார்வர்ட் சட்டக் கல்லூரி நூலகம் 1946இல் 27.50 டாலருக்கு வாங்கி, வெறும் நகல் என்று பட்டியலில் குறித்து வைத்திருந்த ஒரு தோல் ஏடு, உண்மையில் மாக்னா கார்ட்டாவின் மூலப்படிகளுள் ஒன்று என்பதை டேவிட் கார்பென்டர், நிக்கோலஸ் வின்சென்ட் ஆகிய இரு பிரிட்டிஷ் வரலாற்றுப் பேராசிரியர்கள் கண்டறிந்தனர். அந்த ஏடு 1300ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்றும் செய்தி கூறியது. மாக்னா கார்ட்டா என்றாலே 1215 என்று பள்ளி நாட்களிலிருந்து நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இங்கே குழப்பம் வருவது இயல்பு. 85 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட ஒன்று எப்படி மூலப்படி ஆகும்?

இதற்கான விடையில்தான் அந்தச் சாசனத்தின் முழு வரலாறும் அடங்கியிருக்கிறது. 1215இல் இங்கிலாந்தின் ஜான் அரசன் தன் அதிகாரத்துக்கு எல்லை வகுத்து முத்திரையிட்ட ஆவணம் 70 நாட்களில் செல்லாது என அறிவிக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பின் வந்த அரசர்கள் அதை மாற்றி, சுருக்கி, மீண்டும் மீண்டும் வெளியிட்டார்கள். இவற்றில் பெரும்பாலானவை அரசர்கள் மனம் இரங்கிக் கொடுத்தவை என்று சொல்ல முடியாது. அரசுக்குப் பணமோ ஆதரவோ தேவைப்பட்ட நேரங்களில், அதற்கு விலையாக நாடு கேட்டுப் பெற்றவை அவை. வரி கேட்டவனிடம் வாக்குறுதி கேட்கும் இந்தப் பழக்கம் வேரூன்றியிராவிட்டால், 1215 இன்று ஆய்வாளர்கள் மட்டுமே அறிந்த ஓர் ஆண்டாக இருந்திருக்கும்.

1. சாசனம் என்பது என்ன?

இடைக்கால ஐரோப்பாவில் சாசனம் என்பது, ஆட்சியாளர் ஒருவர் நிலத்தையோ உரிமையையோ சலுகையையோ வழங்கியதற்குச் சான்றாக எழுதி முத்திரையிட்டுக் கொடுக்கும் ஆவணம். வழங்குபவர் பேசுவதாகவே அதன் நடை அமையும். அரசனைக் கட்டுப்படுத்திய மாக்னா கார்ட்டாவும் இந்த வடிவத்திலிருந்து விலகவில்லை. ‘வழங்கியுள்ளோம்’ என்று அரசனே பேசுகிறான். அவனை அப்படிப் பேசவைத்த படை அந்த வாசகத்தில் எங்கும் தென்படுவதில்லை.

மாக்னா கார்ட்டா என்ற லத்தீன் சொற்றொடரைத் தமிழில் மகா சாசனம் என்கிறோம். 1854ஆம் ஆண்டின் வுட் அறிக்கையை ‘இந்தியக் கல்வியின் மகா சாசனம்’ என்று பாடநூல்கள் குறிப்பிடுவதால் இந்தப் பெயர் நம்மிடையே நன்கு அறிமுகமானது. ஆனால் தொடக்கத்தில் ‘மகா’ என்ற அடைமொழி பெருமையைக் குறிக்கவில்லை, நீளத்தையே குறித்தது. 1217இல் காடுகள் தொடர்பான கூறுகளைப் பிரித்துத் தனியாக ஒரு சிறிய சாசனம் வெளியிட்டபோது, இரண்டையும் வேறுபடுத்திச் சொல்வதற்காக நீளமானதைப் பெரிய சாசனம் என்றார்கள். 1215இல் அதற்கு அந்தப் பெயரே கிடையாது.

இன்னொரு பொதுவான தவறையும் இங்கேயே திருத்திவிடலாம். ஜான் அரசன் பேனாவைப் பிடித்துக் கையெழுத்திடுவது போன்ற ஓவியங்கள் பல உண்டு. அவன் கையெழுத்திடவில்லை. அந்தக் காலத்து வழக்கப்படி ஆவணத்தில் அரச முத்திரை பொறிக்கப்பட்டது. அவ்வாறு முத்திரையிட்டுப் பல இடங்களுக்கும் அனுப்பப்பட்ட ஒவ்வொரு படியும் ஒரு மூலப்படிதான். 1215ஆம் ஆண்டைச் சேர்ந்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை நான்கு: இரண்டு பிரிட்டிஷ் நூலகத்திலும், லிங்கன், சாலிஸ்பரி ஆகிய பேராலயங்களுக்கு உரியவையாக ஒவ்வொன்றும் உள்ளன.

2. சண்டையின் வேர்: பணம்

ஜானின் கொடுமைகளைப் பற்றிய கதைகள் ஏராளம், அவற்றுள் சில உண்மையும்கூட. ஆனால் தனிமனிதக் கொடூரத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் அந்தச் சாசனத்தின் வாசகங்கள் ஏன் அவ்வளவு கணக்கு வழக்காக இருக்கின்றன என்பது புரியாது. நிலமானிய முறையில் அரசனுக்கும் பிரபுவுக்கும் இடையே இருந்த கொடுக்கல் வாங்கலை முதலில் பார்க்க வேண்டும்.

பிரபு தன் நிலத்தை அரசனிடமிருந்து பெறுகிறான். பதிலுக்குப் போர்க்காலத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வீரர்களை அளிக்க வேண்டும்; அளிக்க இயலாவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். இந்தப் பணத்துக்குக் கேடய வரி என்று பெயர். பிரபு இறந்தால் அவன் மகன் நிலத்தை அடைவதற்கு அரசனுக்கு ஒரு வாரிசுக் கட்டணம் செலுத்த வேண்டும். வாரிசு சிறுவனாக இருந்தால் அவன் வளரும்வரை நிலத்தின் வருவாய் அரசனுக்கே போகும். விதவையின் மறுமணமும் அரசனின் அனுமதிக்கு உட்பட்டது, அந்த அனுமதிக்கும் விலை உண்டு. இவை எதையும் ஜான் கண்டுபிடிக்கவில்லை. இவற்றில் பலவற்றுக்கு உச்சவரம்பு இல்லை என்பதை அவன் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டான்.

அவனுக்கு அந்தத் தேவையும் இருந்தது. அண்ணன் முதலாம் ரிச்சர்ட் சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் 1192இல் சிறைப்பட்டபோது, அவனை மீட்க 1,50,000 மார்க் கேட்கப்பட்டு நாடே வறண்டது. 1204இல் நார்மண்டியைப் பிரான்சின் இரண்டாம் பிலிப் கைப்பற்றினான். இழந்ததை மீட்க ஜானுக்குப் படை வேண்டும், படைக்குப் பணம் வேண்டும். அவன் தந்தை இரண்டாம் ஹென்றியும் அண்ணன் ரிச்சர்டும் சேர்ந்து ஆண்ட 45 ஆண்டுகளில் கேடய வரி 11 முறை விதிக்கப்பட்டது. ஜான் ஒருவனே தன் ஆட்சியில் அதே 11 முறையை எட்டினான். வாரிசுக் கட்டணத்திலோ அவன் கேட்ட தொகைகள் மலைக்க வைப்பவை. 1205இல் நிக்கோலஸ் டி ஸ்டூட்வில் என்ற பிரபு தன் குடும்ப நிலத்தை அடைய 10,000 மார்க் தருவதாக எழுதிக்கொடுக்க நேர்ந்தது. மூன்று மார்க் இரண்டு பவுண்டுக்குச் சமம் என்பதால், இது ஏறத்தாழ 6,667 பவுண்டு. பின்னர் மாக்னா கார்ட்டா இதே கட்டணத்துக்கு வைத்த உச்சவரம்பு 100 பவுண்டு. ஒரே எண்ணில் அந்த ஆட்சியை விளக்கச் சொன்னால், இந்த 66 மடங்கு வேறுபாட்டையே நான் சொல்வேன்.

இத்தகைய தொகைகளை யாராலும் ஒரே தவணையில் கட்ட முடியாது. ஜானுக்கும் அது தெரியும். கட்ட முடியாத கடனில் பிரபுவை வைத்திருந்தால், அவன் முரண்டு பிடிக்கும்போது கடனைக் காட்டி நிலத்தைப் பறிக்கலாம். கடன் இங்கே ஆட்சிக் கருவியாகவே இருந்தது. வில்லியம் டி பிரயோஸ் என்ற பெரும் பிரபு இப்படி வீழ்த்தப்பட்டான். அவன் மனைவி மட்டில்டாவும் மூத்த மகனும் 1210இல் அரசனின் சிறையில் பட்டினியால் இறந்தனர். நாளை இதே கதி தனக்கும் வரலாம் என்ற அச்சம் மற்றப் பிரபுக்களிடம் பரவியதில் வியப்பில்லை.

திருச்சபையோடும் அவனுக்குப் பூசல் இருந்தது. கான்டர்பரி பேராயராக ஸ்டீபன் லாங்டனைத் திருத்தந்தை (போப்) மூன்றாம் இன்னசென்ட் நியமித்ததை ஜான் ஏற்க மறுத்ததால், 1208 முதல் 1214 வரை இங்கிலாந்து முழுவதும் வழிபாட்டுத் தடை நீடித்தது. 1213இல் ஜான் பணிந்து, தன் நாட்டையே திருத்தந்தையின் மானிய நிலமாக ஒப்படைத்து, ஆண்டுதோறும் 1,000 மார்க் கட்ட ஒப்புக்கொண்டான். அவமானமாகத் தோன்றிய இந்த ஏற்பாடு, இரண்டே ஆண்டுகளில் அவனுக்கு எப்படிக் கைகொடுத்தது என்பதைக் கீழே பார்ப்போம்.

3. ரன்னிமீட்

1214 ஜூலை 27 அன்று பூவீன் போரில் ஜானின் கூட்டாளிகள் பிரான்சிடம் தோற்றார்கள். பத்தாண்டுகளாகக் கறந்து சேர்த்த பணம் முழுவதும் ஒரே நாளில் வீணானது. அரசன் வெறுங்கையோடு திரும்பி, போருக்கு வராதவர்களிடம், அவர்கள் அளிக்க வேண்டிய ஒவ்வொரு வீரனுக்கும் ஈடாக மூன்று மார்க் வீதம் கேடய வரி கேட்டான். வடபகுதிப் பிரபுக்கள் பலர் கட்ட மறுத்தார்கள்.

மறுத்தவர்கள் தங்கள் கோரிக்கைக்கு முன்னுதாரணம் தேடியபோது, முதலாம் ஹென்றி 1100இல் முடிசூடியபோது அளித்த சாசனம் கிடைத்தது. புதிய உரிமை எதையும் கேட்கவில்லை, பழைய நல்ல வழக்கத்தையே கேட்கிறோம் என்று வாதிட அது உதவியது. 1215 மே 5 அன்று அவர்கள் அரசனுக்கான விசுவாசத்தைத் துறந்தார்கள். மே 17 அன்று லண்டன் நகரம் அவர்களுக்குக் கதவு திறந்தது. தலைநகரின் செல்வம் எதிரியின் கைக்குப் போன பிறகு ஜானுக்குப் பேச்சுவார்த்தையைத் தவிர வழியில்லை. விண்ட்சருக்கும் ஸ்டெயின்ஸுக்கும் இடையே, தேம்ஸ் ஆற்றங்கரையில் இருந்த ரன்னிமீட் என்னும் புல்வெளியில் இரு தரப்பும் சந்தித்தன. சாசனம் தாங்கியுள்ள நாள் ஜூன் 15.

இடையில் நின்று பேசியவர் லாங்டன். எந்த வாசகம் யாருடையது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் குறிப்பிட்ட பிரபுக்களின் குறைகளாகத் தொடங்கியவை, பொது விதிகளாக மாறியதே இந்தப் பேச்சுவார்த்தையின் பெரும் விளைவு.

4. 63 கூறுகள்: எதிர்பார்ப்பும் உண்மையும்

மனித உரிமைகளின் முழக்கத்தை எதிர்பார்த்து மாக்னா கார்ட்டாவைப் படிக்கத் தொடங்குபவர் ஏமாந்துபோவார். அது ஏறத்தாழ 3,500 லத்தீன் சொற்களில், இடைவெளியில்லாமல் எழுதப்பட்ட ஒரே நீண்ட வாசகம். 63 கூறுகள் என்ற எண்ணிடல் பிற்கால அறிஞர்கள் தந்தது. தேம்ஸ், மெட்வே ஆறுகளில் உள்ள மீன் அணைகளை அகற்ற வேண்டும் என்கிறது ஒரு கூறு. திராட்சை மதுவுக்கும் தானியத்துக்கும் நாடு முழுவதும் ஒரே முகத்தல் அளவு, துணிக்கு ஒரே அகலம் என்கிறது மற்றொன்று. இவற்றை அற்பமானவை என்று தள்ளிவிடக் கூடாது. அளவில் ஏமாற்றப்படுவது அன்றாடம் சந்தைக்குப் போகிறவரின் பாடு.

அதே சாசனத்தில் இன்று படிக்கும்போது உறுத்தும் பகுதிகளும் உள்ளன. யூதர்களிடம் வாங்கிய கடன் குறித்த 10, 11ஆம் கூறுகள் அந்தச் சமூகத்தைத் தனியே குறிவைக்கின்றன. ஒரு பெண் கொடுக்கும் கொலைக் குற்றச்சாட்டின் பேரில், இறந்தவர் அவளுடைய கணவனாக இருந்தால் ஒழிய, யாரையும் கைதுசெய்யக் கூடாது என்கிறது 54ஆம் கூறு. விதவையை விருப்பத்துக்கு மாறாக மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற நல்ல விதியும் (8ஆம் கூறு) இதே ஆவணத்தில்தான் இருக்கிறது. அதன் ஒரு வரியை மட்டும் எடுத்துக் கொண்டாடுவதும் இகழ்வதும் எளிது. இரண்டுமே அந்த ஆவணத்துக்கு நியாயம் செய்யாது.

பிற்காலத்தில் பெரும் விளைவுகளை உண்டாக்கியவை என்று பார்த்தால், பின்வருவனவற்றைக் குறிப்பிட வேண்டும்:

1. 12, 14ஆம் கூறுகள்: நாட்டின் பொது ஆலோசனையின்றிக் கேடய வரியோ, பிரபுக்கள் அரசனுக்குத் தரும் உதவித் தொகையோ விதிக்கக் கூடாது. அரசனை மீட்பது, அவன் மூத்த மகனுக்கு வீரப்பட்டம் சூட்டுவது, மூத்த மகளின் முதல் திருமணம் ஆகிய மூன்று மட்டும் விலக்கு. அந்த ஆலோசனைக்கு யார் யாரை, எப்படி அழைக்க வேண்டும் என்பதையும் 14ஆம் கூறு சொல்கிறது.

2. 20ஆம் கூறு: தண்டம் குற்றத்தின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், வணிகனின் சரக்கையோ குடியானவனின் உழவுக்கான வாழ்வாதாரத்தையோ பறிக்கும் அளவுக்கு அது போகக் கூடாது.

3. 39, 40ஆம் கூறுகள்: இவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

5. 39ஆம் கூறில் உள்ள மூன்று முடிச்சுகள்

‘சுதந்திர மனிதன் எவனும், அவனுக்கு ஒப்பானவர்களின் சட்டபூர்வமான தீர்ப்பினாலோ நாட்டின் சட்டத்தினாலோ அன்றி, பிடிக்கப்படவோ, சிறையிடப்படவோ, உடைமை பறிக்கப்படவோ, சட்டப் பாதுகாப்பிலிருந்து விலக்கப்படவோ, நாடு கடத்தப்படவோ, வேறு எவ்வகையிலும் அழிக்கப்படவோ மாட்டான், நாமும் அவன்மீது செல்ல மாட்டோம், எவரையும் அவன்மீது ஏவவும் மாட்டோம்.’ இது 39ஆம் கூறின் பொருள். அடுத்து வரும் 40ஆம் கூறு இன்னும் சுருக்கமானது: ‘நீதியை நாம் எவருக்கும் விற்க மாட்டோம், எவருக்கும் மறுக்கவோ தாமதிக்கவோ மாட்டோம்.’

இந்த வாசகத்தில் மூன்று முடிச்சுகள் இருக்கின்றன.

முதலாவது, ‘சுதந்திர மனிதன்’. அன்றைய இங்கிலாந்து மக்களில் பெரும் பங்கினர் பண்ணை நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த குடியானவர்கள். அவர்கள் இந்தச் சொல்லுக்குள் வரமாட்டார்கள். ஆகவே, 1215இல் இது எல்லோருக்குமான உரிமை என்பது தவறு. அந்த வேலி 1354இல் மூன்றாம் எட்வர்டின் சட்டம் ஒன்றினால் தாண்டப்பட்டது. ‘எந்த நிலையில், எந்தத் தகுதியில் உள்ளவனாயினும்’ எவனும் உரிய சட்ட நடைமுறையின்றித் தண்டிக்கப்படக் கூடாது என்று அது கூறியது. ‘உரிய சட்ட நடைமுறை’ என்னும் தொடர் சட்டத்துக்குள் நுழைந்ததும் அப்போதுதான்.

இரண்டாவது, ‘ஒப்பானவர்களின் தீர்ப்பு’. இதை ஜூரி விசாரணை உரிமை என்று பலரும் எழுதுகிறார்கள். பிரபுக்கள் கேட்டது, அரசனின் கையாட்கள் தங்களைத் தீர்ப்பிடக் கூடாது, தம் தகுதியுடையவர்களே தீர்ப்பிட வேண்டும் என்பது. இன்று நாம் அறிந்த ஜூரி முறை பின்னால் வளர்ந்தது. அதன் பிறகு அதற்குப் பொருத்தமான வாசகம் 39ஆம் கூறில் தயாராக இருந்தது.

மூன்றாவது, ‘நாட்டின் சட்டம்’. எந்தச் சட்டம் என்று சாசனம் வரையறுக்கவில்லை. அரசனே இயற்றுகிற சட்டமும் நாட்டின் சட்டம்தானா? ஏதேனும் ஒரு நடைமுறை எழுத்தில் இருந்தாலே போதுமா, அது நியாயமாகவும் இருக்க வேண்டுமா? 1215இல் விடையின்றி விடப்பட்ட இந்தக் கேள்வி, 735 ஆண்டுகள் கழித்து இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் வந்து நின்றது.

6. 61ஆம் கூறும் ஒரு தற்காலக் குழப்பமும்

அரசன் வாக்கு மீறினால் என்ன செய்வது? 1100ஆம் ஆண்டின் சாசனத்தில் இதற்கு விடை இல்லை. 1215இன் 61ஆம் கூறு விடையளிக்க முயன்றது. பிரபுக்கள் தங்களுக்குள் 25 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களுள் நால்வர் அரசனிடம் குறையை முறையிடுவர். 40 நாட்களுக்குள் அது தீர்க்கப்படாவிட்டால், அந்த 25 பேரும் நாட்டு மக்களைத் துணைக்கொண்டு அரசனின் கோட்டைகளையும் நிலங்களையும் கைப்பற்றலாம். அரசன், அரசி, குழந்தைகள் ஆகியோரின் உடலுக்கு மட்டும் தீங்கு செய்யக் கூடாது. குறை தீர்ந்தபின் பழையபடி அரசனுக்குக் கீழ்ப்படிய வேண்டும். சுருங்கச் சொன்னால், இது உள்நாட்டுப் போருக்கு எழுதப்பட்ட நடைமுறை விதி. எந்த அரசனும் இதை ஏற்றுக்கொண்டு ஆள முடியாது.

ஜான் உடனே தன் புதிய மேலாளரான திருத்தந்தைக்கு எழுதினான். தன் மானிய நாட்டின் அரசன் மிரட்டி இணங்க வைக்கப்பட்டான் என்று கருதிய இன்னசென்ட், 1215 ஆகஸ்ட் 24 அன்று சாசனம் வெட்கக்கேடானது, அநீதியானது, என்றென்றும் செல்லாதது என அறிவித்தார். 1213இல் பணிந்ததன் பலன் இதுதான். போர் மூண்டது. பிரபுக்கள் பிரெஞ்சு இளவரசன் லூயியை அரசனாக வரவழைத்தார்கள்.

2020இல் கொரோனா முடக்கக் காலத்தில், பிரிட்டனில் சில கடைக்காரர்கள் தங்கள் கதவுகளில் ‘மாக்னா கார்ட்டாவின் 61ஆம் கூறின்படி’ அரசு உத்தரவுகள் தங்களைக் கட்டுப்படுத்தாது என அறிவிப்பு ஒட்டினார்கள். சமூக ஊடகங்களிலும் அது பரவியது. அந்தக் கூறு அதிகாரம் அளித்தது 25 பிரபுக்களுக்கு. மற்றவர்கள் அவர்களின் கட்டளைப்படி நடக்கவே அது இடமளித்தது. அதுவும் 1216ஆம் ஆண்டின் மறுவெளியீட்டிலேயே நீக்கப்பட்டு, பின்னர் எப்போதும் சேர்க்கப்படவில்லை. இங்கிலாந்தின் சட்ட ஏட்டில் அது ஒருபோதும் இடம்பெற்றதே இல்லை. நம்பி ஒட்டியவர்களுள் சிலருக்கு அபராதம் விதிக்கப்பட்டது.

7. செத்த சாசனம் எழுந்தது எவ்வாறு?

1216 அக்டோபரில், போரின் நடுவே, ஜான் இறந்தான். மகன் மூன்றாம் ஹென்றிக்கு வயது ஒன்பது. நாட்டின் பாதி எதிரியின் கையில். இங்கிருந்து தொடங்கும் வரிசையைக் கவனித்தால், மேலே கூறிய கொடுக்கல் வாங்கல் தெளிவாகும்.

1. 1216 நவம்பர்: சிறுவனின் பாதுகாவலராக ஆட்சிப் பொறுப்பேற்ற முதிய வீரர் வில்லியம் மார்ஷல், பிரபுக்களைத் தம் பக்கம் இழுப்பதற்காகச் சாசனத்தைத் தாமே முன்வந்து வெளியிட்டார். வரிக்கு ஒப்புதல் கேட்கும் 12, 14ஆம் கூறுகளும் 61ஆம் கூறும் இதில் விடப்பட்டன. சிறுவனுக்கு முத்திரை இல்லாததால், மார்ஷலின் முத்திரையோடு திருத்தந்தையின் தூதர் குவாலாவின் முத்திரையும் இடப்பட்டது. ஓராண்டுக்கு முன் செல்லாது என்ற அதே திருச்சபை இப்போது முத்திரையிட்டது. கலகக்காரர்களின் கோரிக்கைப் பட்டியலாக இருந்தது, அரசுத் தரப்பின் வாக்குறுதியாக மாறியது. என் கணிப்பில் 1215ஐவிட முக்கியமான திருப்பம் இது.

2. 1217: லிங்கனிலும் சாண்ட்விச் கடற்போரிலும் லூயியின் தரப்பு தோற்றபின், அமைதி உடன்பாட்டைத் தொடர்ந்து மறுபடி வெளியிடப்பட்டது. உடன் வந்தது காடுகளின் சாசனம். அரசனின் வேட்டைக்கென ஒதுக்கப்பட்டிருந்த காடுகளில் பன்றி மேய்க்கவும் விறகு எடுக்கவும் சுதந்திரக் குடிகளுக்கு இருந்த உரிமைகளை அது மீட்டுத் தந்தது. காட்டு மானை வேட்டையாடியதற்காக உயிரையோ உறுப்பையோ பறிக்கும் தண்டனையை ஒழித்தது. பெரிய சாசனத்தைவிட இதுவே எளியவர்களின் அடுப்புக்கு நெருக்கமானது. இது 1971வரை சட்டமாக நீடித்தது.

3. 1225: வயது வந்துகொண்டிருந்த ஹென்றி, பிரான்சில் எஞ்சிய நிலங்களைக் காக்கப் பணம் கேட்டான். அசையும் சொத்தில் பதினைந்தில் ஒரு பங்கு வரியாகத் தரப்பட்டது, ஏறத்தாழ 40,000 பவுண்டு சேர்ந்தது. விலையாகச் சாசனம் மீண்டும் வெளியிடப்பட்டது. யாருடைய கட்டாயமும் இன்றித் தன் சொந்த விருப்பத்தால் வழங்குவதாக அரசன் அதில் கூறினான். ஜானின் சாசனம்போல் மிரட்டிப் பெற்றது என்று இதை இனி யாரும் தள்ள முடியாது. 37 கூறுகள் கொண்ட இதுவே நிலைத்த வடிவம். பழைய 39, 40ஆம் கூறுகள் இணைந்து 29ஆம் கூறு ஆயின.

4. 1297: முதலாம் எட்வர்ட் பிரான்சோடும் ஸ்காட்லாந்தோடும் போரிட்டு, வரிமேல் வரி விதித்து எதிர்ப்பைச் சந்தித்தான். சாசனங்களை உறுதிசெய்து, நாட்டின் பொது இசைவின்றி இத்தகைய வரிகளை இனி எடுப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டான். 1216இல் காணாமற்போன 12ஆம் கூறின் உயிர்ப்பகுதி 81 ஆண்டுகள் கழித்து வேறு வடிவில் திரும்பியது. சாசனம் சட்ட ஏட்டில் பதிவானதும் இப்போதுதான்.

5. 1300: எட்வர்ட் கடைசி முறையாக முழுச் சாசனத்தையும் தன் முத்திரையோடு நாடெங்கும் அனுப்பினான். ஆண்டுக்கு நான்கு முறை ஒவ்வொரு வட்டார நீதிமன்றத்திலும் அதை மக்கள் முன் படிக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. ஹார்வர்டில் இருப்பது இப்போது அனுப்பப்பட்டவற்றுள் ஒன்று. எஞ்சியுள்ள 1300ஆம் ஆண்டுப் படிகள் ஏழு.

ஐரோப்பாவில் இத்தகைய சாசனம் இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று. ஹங்கேரியில் இரண்டாம் ஆண்ட்ரூ 1222இல் வெளியிட்ட பொன் முத்திரைச் சாசனமும் பிரபுக்களை விசாரணையின்றிச் சிறையிடுவதைத் தடைசெய்தது. அரசனை எதிர்க்கும் உரிமையையும் அது அளித்தது. இங்கிலாந்தில் ஓராண்டில் போன அந்த உரிமை அங்கே 1687வரை ஏட்டில் இருந்தது. ஆனால் அது பிரபு வகுப்பின் தனியுரிமையாகவே இறுகியது. இங்கிலாந்தில் வரி கட்டுவோரின் வட்டம் விரிய விரிய, பதிலுக்கு வாக்குறுதி கேட்போரின் வட்டமும் விரிந்தது. ஊருக்கு ஊர் உரக்கப் படிக்கப்பட்டதால், தனக்கு உரிமை உண்டு என்று சாதாரண மனிதரும் காதால் கேட்டார்.

8. எட்வர்ட் கோக்கின் வாசிப்பு

பதினாறாம் நூற்றாண்டில் சாசனம் பெரிதாகப் பேசப்படவில்லை. அதைத் தூசி தட்டி எடுத்தவர் தலைமை நீதிபதியாக இருந்து பதவி நீக்கப்பட்ட எட்வர்ட் கோக். முதலாம் சார்லஸ் நாடாளுமன்றத்தின் இசைவின்றிக் கட்டாயக் கடன் வசூலித்தான்; தர மறுத்தவர்களைக் காரணம் சொல்லாமல் சிறையிட்டான். அவர்களுள் ஐவர் 1627இல், சிறையிட்டவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்திக் காரணம் காட்டக் கோரும் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார்கள். அரசனின் சிறப்புக் கட்டளை என்பதே போதிய விடை என்று வாதிட்டது அரசுத் தரப்பு, அவர்களுக்குப் பிணை மறுக்கப்பட்டது.

இதற்கு மறுமொழியாக 1628இல் நாடாளுமன்றம் உரிமை மனுவை நிறைவேற்றியது. 29ஆம் கூறு அதில் பெயர் சொல்லியே எடுத்தாளப்பட்டது. தனக்கு மேல் ஓர் இறைமையை மாக்னா கார்ட்டா ஏற்காது என்று கோக் அவையில் முழங்கினார். வரலாற்று அடிப்படையில் அவர் சொன்னவற்றில் மிகை உண்டு. 13ஆம் நூற்றாண்டுப் பிரபுக்களின் பேரத்தை நினைவுக்கெட்டாத காலம் முதல் இருந்த மக்கள் உரிமையாக அவர் காட்டினார். ஆனால் வழக்கறிஞராக அவர் செய்தது சரியான வேலை. பிரபுவை விடுவிப்பதற்காக எழுதப்பட்ட வாசகம், கைதி யாராயினும் அவனுக்காகவும் பேசக் கூடியது என்பதை அவர் நிறுவினார். 1679ஆம் ஆண்டின் ஆட்கொணர்வுச் சட்டமும் 1689ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டமும் இந்தப் பாதையில் வந்தவை. அட்லாண்டிக்கைக் கடந்த குடியேறிகள் கோக்கின் விளக்கத்தையே கொண்டுசென்றார்கள்; ‘உரிய சட்ட நடைமுறை’ 1791இல் அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாம் திருத்தத்தில் இடம்பெற்றது.

இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டு முதல் காலாவதியான கூறுகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. இன்றும் சட்டமாக நிற்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை: திருச்சபையின் சுதந்திரம், லண்டன் முதலிய நகரங்களின் உரிமைகள், 29ஆம் கூறு ஆகியன. அவையும் ஜானுடைய 1215 வாசகமாக இல்லை. 1297இல் சட்ட ஏட்டில் ஏறிய வாசகமாகவே நிற்கின்றன.

9. இலங்கையிலும் இந்தியாவிலும்

பிரிட்டிஷ் ஆட்சி தன் குடியேற்ற நாடுகளில் இந்த உரிமைகளை முழுமையாக வழங்கவில்லை. ஆனாலும் நீதிமன்றங்களின் வழியே அவை கசிந்தன. 1937இல் இலங்கையில், தோட்டத் தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்த ஆஸ்திரேலிய இளைஞர் மார்க் பிரேஸ்கேர்டிலை நாடு கடத்த ஆளுநர் ஸ்டப்ஸ் உத்தரவிட்டார். ஆட்கொணர்வு மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், அமைதிக் காலத்தில் ஆளுநருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று கூறி அவரை விடுவித்தது. ஆளுநரும் சட்டத்துக்கு உட்பட்டவரே என்று குடியேற்ற நாட்டு நீதிமன்றம் ஒன்று சொன்னதால் அந்தத் தீர்ப்பு இன்றும் நினைக்கப்படுகிறது.

இந்தியாவில் அரசமைப்பு வரையப்பட்டபோது 39ஆம் கூறின் மூன்றாவது முடிச்சு மறுபடி எழுந்தது. ‘உரிய சட்ட நடைமுறை’ என்ற அமெரிக்கத் தொடர் முதலில் வரைவில் இருந்தது. அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்க நீதிபதி பெலிக்ஸ் பிராங்ஃபர்ட்டரைச் சந்தித்துத் திரும்பியபின், நீதிபதிகளுக்கு அளவுக்கு மீறிய அதிகாரம் போய்விடும் என்ற கவலை வலுத்தது. சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் மாற்றத்தை ஆதரித்தார். இறுதியில் 21ஆம் பிரிவில், ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ என்ற தொடர் இடம்பெற்றது. 265ஆம் பிரிவு, சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது; 12ஆம் கூறின் கோரிக்கை அங்கே ஒரே வரியில் நிற்கிறது.

அரசமைப்பு நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே சோதனை வந்தது. பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாகாணத்தில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டிருந்தார். 1950இல் ‘ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம்’ வழக்கில் அவர் எழுப்பிய கேள்வி எளியது: சட்டமன்றம் இயற்றிவிட்டால் எந்த நடைமுறையும் போதுமா? போதும் என்ற நிலையை, தலைமை நீதிபதி கனியா உள்ளிட்ட பெரும்பான்மை நீதிபதிகள் எடுத்தார்கள். நடைமுறை அடிப்படை நீதிக்கு ஒத்ததாக இருக்க வேண்டும் என்று மாறுபட்டவர் நீதிபதி ஃபசல் அலி.

பெரும்பான்மையின் வாசிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பது நெருக்கடி நிலையின்போது தெரிந்தது. 1976இல் ஜபல்பூர் வழக்கில், உயிரும் சுதந்திரமும் பறிக்கப்பட்டாலும் அப்போது நீதிமன்றத்தை அணுக முடியாது என்று நால்வர் தீர்ப்பளிக்க, எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். தலைமை நீதிபதி பதவி அதனால் அவருக்குக் கிட்டாமல் போனது. 1978இல் மேனகா காந்தியின் கடவுச்சீட்டு வழக்கில், நடைமுறை நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் அறிவுக்கு ஒத்ததாகவும் இருந்தே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அரசமைப்பு அவை வெளியே நிறுத்திய தொடரின் பொருள் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. ஜபல்பூர் தீர்ப்பு தவறு என்று வெளிப்படையாக அறிவித்து அதை நீக்க, 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்க உரிமை வழக்கின் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.